தாய்மாமன் முகத்தில் ரவை

என்னிடம் கேமரா இருக்கிறது. என் போட்டோதான் ஒன்றுகூட இல்லாமல் இருந்தது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கம்பி உருட்டும் மில் ஒன்றில் வேலை செய்கிறேன். உடன் வேலை செய்பவர்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, ஞானஸ்நானம் எதுவானாலும் போட்டோ எடுக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். படம் எடுப்பதில் ஆசை வைத்து நான் கேமரா வாங்கவில்லை. சொந்த ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வடநாட்டு சூப்பர்வைசர் கொடுத்துவிட்டுப் போனதை வாங்கி வைத்தேன். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போன அன்றுதான் அதன் அருமை தெரிந்தது. கேமரா வைத்திருப்பவனை யாரும் பேச்சுக்கு இழுப்பதில்லை. மேடையில் ஏறி மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நில் என்று சொல்வதில்லை. "தள்ளுங்க, அவர் எடுக்கட்டும்" என்று வழி விடுகிறார்கள். முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்ள ஒரு சின்னச் சுவர் கிடைத்த மாதிரி இருந்தது.

அந்தச் சுவரில் ஒரே ஒரு குறை. ஃபிளாஷ் அடித்தால் மண்டபமே திரும்பி என்னைப் பார்க்கும். அதனால் வாங்கிய முதல் வாரமே ஃபிளாஷை அணைத்துவிட்டேன். அணைத்தால் படம் இருட்டடித்தது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. கேமராவுக்குள் இருக்கிற இங்கிலீஷ் எனக்கு விளங்காது. ஆனால் ஒரு பொத்தானை அழுத்தினால் எண்கள் வந்தன. எண்ணைக் கூட்டினால் இருட்டு விலகியது. கூட்ட முடிந்த மட்டும் கூட்டி அங்கேயே நிறுத்தினேன். அதன்பிறகு அந்தப் பக்கம் கை வைக்கவில்லை. எடுத்த படங்களைச் செல்போனில் அனுப்பினேன். உள்ளங்கை அளவில் எல்லாரும் நன்றாகத்தான் தெரிந்தார்கள்.

இப்படி ஒளிந்தபடியே காலத்தை ஓட்டியிருப்பேன். என் தங்கை மகனுக்குக் காது குத்த வேண்டி வந்தது.

எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. நானும் தங்கையும்தான். அவள் வேலை பார்த்த கம்பெனியில் உடன் வேலை செய்தவரைத் தானாகவே கட்டிக்கொண்டாள். ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்தில் நெல் நிலம் வைத்திருக்கிற குடும்பம். அந்த வீட்டுக் கதவு பிள்ளை பிறந்த பிறகுதான் அவளுக்குத் திறந்தது. திறந்ததே தவிர, அவள் மாமியார் வாய் மூடவில்லை. பெண்ணுக்கு நாதி இல்லை என்று சொந்தக்காரர்கள் மத்தியில் அடிக்கடி சொல்லுவாராம். பிள்ளைக்குப் பேர் வைத்த அன்று நான் போயிருந்தேன். வந்தது முதல் கிளம்பும் வரை கேமராவுக்குப் பின்னால் நின்றேன். அந்தப் படங்களைப் பிறகு பார்த்த மாமியார், பெண் வீட்டுப் பக்கம் ஒரு மனுஷனையும் காணோமே என்று கேட்டிருக்கிறார். அண்ணன்தான் அத்தனையும் எடுத்தது என்று தங்கை சொல்லியிருக்கிறாள். "அப்போ அவனுக்கு மூஞ்சே கெடையாதா?" என்றாராம்.

இதை என்னிடம் தங்கை உடனே சொல்லவில்லை. காதுகுத்துக்கு நாள் குறித்த பிறகுதான் போனில் சொன்னாள். எங்கள் பக்கத்தில் காதுகுத்துக்கு ஊர் முனையில் பேனர் வைப்பார்கள். நடுவில் குழந்தை, மேலே அப்பா அம்மா. கீழே குழந்தையைவிடப் பெரிதாகத் தாய்மாமன், கைகூப்பி வரவேற்றபடி. தாய்மாமன் இல்லாத பேனரைப் பார்த்தால் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் யாரும் இல்லை என்று ஊரே படித்துக்கொள்ளும்.

"ஆதார் கார்டு போட்டோ குடுத்தியோ, ஜென்மத்துக்கும் உன்னோட பேசமாட்டேன்ணா. அதுல நீ புடிபட்ட திருடன் மாதிரி கீற. நல்லா, பெருசா, உன் மூஞ்சி எனக்கு வேணும்."

தாய்மாமன் சீராகப் பேனரும் என் பொறுப்பு, படமும் என் பொறுப்பு என்று நானே ஒப்புக்கொண்டேன். வாயைத் திறந்து ஒரு காரியத்தை நானாக ஏற்றது அநேகமாக அதுதான் முதல் தடவை.

ஸ்டுடியோவுக்குப் போயிருக்கலாம். அங்கே முக்காலியில் உட்கார வைத்து, முகவாயைப் பிடித்துத் திருப்பி, சிரிங்க சார் என்பார்கள். அதை நினைத்தாலே எனக்கு வியர்த்தது. கேமராவில் தானாகவே படம் எடுக்கிற வசதி இருந்தது. அழுத்திவிட்டு ஓடிப்போய் நின்றால் அதுவே எடுக்கும். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்த ஒரு நாள், மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்துக் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். ஜன்னலைச் சாத்தினேன். எதிர் வீட்டுப் பெண்கள் வாசலிலேயே இருப்பவர்கள். ஒரு மனுஷன் தன்னைத்தானே போட்டோ எடுப்பதை அவர்கள் பார்த்துவிட்டால் நான் அந்தத் தெருவையே காலி செய்ய வேண்டியதுதான். டியூப் லைட் போட்டால் வெளியே தெரியும் என்று அதையும் போடவில்லை. அரிசி டிரம் மேல் கேமராவை வைத்தேன். கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பீரோவுக்கு முன்னால் கைகூப்பி நின்றேன். வந்திருப்பது யார் என்று தெரியாமல் கும்பிடுகிற மாதிரி இருந்தது.

கடையிலிருந்து வந்த மனைவி கதவைத் தட்டினாள். பட்டப்பகலில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, பீரோவில் இருக்க வேண்டிய சட்டையோடு நான் கதவைத் திறந்ததைப் பார்த்து, அவள் வீட்டுக்குள் எட்டி நாலு பக்கமும் பார்த்தாள். காரணத்தைச் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு படத்தைச் செல்போனுக்கு மாற்றி, விரலால் பெரிதாக்கினாள்.

"இன்னாய்யா இது, மூஞ்சில ரவைய கொட்னா மாதிரி?"

நான் பார்த்தேன். கன்னம், நெற்றி, மூக்கு, கல்யாணச் சட்டை, பின்னாலிருந்த பீரோ, எல்லாவற்றிலும் பொடிப்பொடியாகப் புள்ளி. சிலது சிவப்பு, சிலது பச்சை. உப்புமா கிண்டுவதற்கு முன் தட்டில் பரப்பிய ரவைக்குள் என் முகம் புதைந்திருந்தது.

எங்கள் பேட்டையில் இதற்கு யோசிக்கவே வேண்டியதில்லை. இங்கே எதுவாக இருந்தாலும் கரிதான் காரணம். கொடியில் காய்கிற வேட்டி கறுத்தால் கரி. மொட்டை மாடியில் வற்றல் கெட்டால் கரி. இருமல், தும்மல், மின்விசிறி சுற்றாதது, டி.வி. தெரியாதது எல்லாமே புகைபோக்கியிலிருந்து இறங்குகிற கரி. என் மனைவி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "கரி உள்ள பூந்துக்கிச்சு" என்றாள். எனக்கும் அதில் சந்தேகமே வரவில்லை.

முதலில் பழைய பனியனால் லென்ஸைத் துடைத்தேன். ரவை போகவில்லை. பிரித்துத் துடைக்கத் தெரியாது. மில்லில் ஷிஃப்ட் முடிந்ததும் காற்றுக் குழாயைப் பிடித்து எங்கள் மேல் படிந்த தூசியை ஊதிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவோம். மனுஷன் மேல் படிந்த கரியே போகிறதே, கேமராவில் இருப்பது போகாதா என்று தோன்றியது. மில்லுக்குள் கேமரா கொண்டுபோகக் கூடாது. சாப்பாட்டுப் பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் துண்டைச் சுற்றி வைத்துக்கொண்டு போனேன். கேட்டில் செக்யூரிட்டி பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்றைக்குக் குழம்பு ஏதோ கெட்டியாக இருக்கிறதே என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கழிவறைக்குப் பின்னால் இருந்த காற்றுக் குழாயைத் திறந்து, கேமராவின் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். அந்தக் குழாயில் காற்றோடு கொஞ்சம் தண்ணீரும் கொஞ்சம் கம்ப்ரஸர் எண்ணெயும் சேர்ந்து வரும். இருபது வருஷத்துக்கு மேலாக அதே குழாயில் நான் என்னை ஊதிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் அது நினைவுக்கு வரவில்லை. புஸ்ஸென்று தும்மிவிட்டு, லென்ஸ் மேல் பன்னீர் தெளித்த மாதிரி எண்ணெயைத் தெளித்தது.

மறுநாள் மறுபடியும் தாழ்ப்பாள், மறுபடியும் பீரோ, மறுபடியும் கும்பிடு. ரவை அப்படியே இருந்தது. அதன் மேல் எண்ணெய்ப் பூச்சால் தலையைச் சுற்றி ஒரு ஒளிவட்டமும் சேர்ந்திருந்தது.

"இப்ப சாமி படம் மாதிரி கீது. மாலை போட்டு மாட்டிடலாம்" என்றாள் மனைவி.

காதுகுத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. இதற்கு மேல் தாமதித்தால் பேனர் அடிக்க முடியாது. வேறு வழியில்லாமல் எடுத்த படங்களை எல்லாம் பென்டிரைவில் போட்டு, கேமராவையும் எடுத்துக்கொண்டு பஜாரில் இருக்கிற பேனர் கடைக்குப் போனேன். கடையில் டிசைன் செய்கிற பெண்ணுக்கு என் மகள் வயதிருக்கும். நான் எதுவும் சொல்வதற்கு முன்பே ஒரு படத்தைத் திறந்து, பேனர் அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டினாள். கம்ப்யூட்டர் முழுக்க என் மூக்கு. அதில் பச்சைப் புள்ளியும் சிவப்புப் புள்ளியும் திருவிழாக் கூட்டமாக நின்றன.

"இது இன்னாணா? எங்க எடுத்தது?"

கேமராவுக்குள் கரி போய்விட்டது என்றேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"கரின்னா ரெண்டு போட்டோலயும் ஒரே எடத்துல குந்திகினு இருக்கும்ணா. இங்க பாரு, இதுல புருவத்து மேல கீது. அதுல அந்த எடம் காலி. கரி எழுந்து எழுந்து நடக்குமா?"

அவள் கம்ப்யூட்டரில் வேறு ஏதோ ஒரு பெட்டியைத் திறந்தாள். படம் எடுத்தபோது கேமராவில் என்ன எண் வைத்திருந்தேன், எந்த நேரத்தில் எடுத்தேன் என்பதெல்லாம் அதில் எழுதியிருந்ததாம். கேமரா இவ்வளவு கோள் சொல்லும் என்று எனக்கு அதுவரை தெரியாது. எண்ணை ஏன் இந்த உச்சத்தில் வைத்தீர்கள், இருட்டில் எடுத்தீர்களா என்று கேட்டாள். கரண்டு இல்லை என்றேன்.

"பட்டப்பகல் பன்னெண்டு மணின்னு போட்டுக்கீதேணா."

நான் கடையில் மாட்டியிருந்த பேனர்களைப் பார்க்கத் தொடங்கினேன்.

அந்தப் பெண் பொறுமைசாலி. எண்ணைக் கூட்டினால் வெளிச்சம் கூடாது, கிடைத்த கொஞ்ச வெளிச்சத்தைக் கேமரா இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும், அப்படி இழுக்கும்போது அதன் சொந்தக் குப்பையும் சேர்ந்து வரும் என்று சொன்னாள். அது எனக்கு உடனே புரிந்தது. ஒருமுறை எங்கள் தெருத் திருவிழாவில் நன்றி சொல்ல என்னை மைக் முன்னால் நிறுத்தினார்கள். என் குரல் எனக்கே கேட்கவில்லை. சவுண்ட் சர்வீஸ்காரர் பாவம், திருகித் திருகிச் சத்தத்தைக் கூட்டினார். ஊர் முழுக்கக் கேட்டது உஸ்ஸென்ற இரைச்சல் மட்டும்தான். அன்றைக்கு மைக்கில் செய்ததைத்தான் இப்போது கேமராவில் செய்திருக்கிறேன். கரி கேமராவுக்குள் போகவேயில்லை. கதவைத் தாழ்ப்பாள் போட்ட ஆள்தான் கோளாறு.

கம்ப்யூட்டரில் இதைத் துடைக்க முடியாதா என்று கேட்டேன். முடியும் என்று எதையோ அழுத்தினாள். ரவை மறைந்தது. அதோடு என் மீசையின் பாதியும், கண்ணோரச் சுருக்கமும், மூக்கின் ஓரமும் போயின. குளித்துத் தேய்ந்த சோப்பு மாதிரி வழவழவென்று ஒருவன் கைகூப்பி நின்றான். எனக்குப் பிடித்திருந்தது. அதைத் தங்கைக்கு அனுப்பிவிட்டு அங்கேயே நின்றேன். அவளிடமிருந்து போன் வந்தது.

"இது யாருணா?"

"நான்தாம்மா."

அவள் மெதுவாகச் சொன்னாள். "இத பாத்தா எங்க மாமியாரு, வாடகைக்கு ஒரு அண்ணன புடிச்சாந்துட்டான்னு சொல்லும். உனக்கு அவ்ளோ பேஜாரா இருந்தா வேணாம் வுடுணா. நாங்க ரெண்டு பேரு போட்டோ மட்டும் போட்டு பேனர் அடிச்சிக்கறோம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் எனக்காக விட்டுக்கொடுத்தாள். எத்தனையோ தடவை நான் வாயைத் திறக்காததற்கெல்லாம் அவள்தான் இப்படி விட்டுக்கொடுத்துக் கணக்கை நேர் செய்திருக்கிறாள். நாளைக்கு வேறு போட்டோ வரும் என்று சொல்லி போனை வைத்தேன்.

டிசைன் பெண் மூக்குக் கண்ணாடி துடைக்கிற துணியும் மருந்தும் கொடுத்து, லென்ஸில் இருந்த எண்ணெயை எடுக்கச் சொன்னாள். கேமராவில் நான் கூட்டி வைத்திருந்த எண்ணை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து வைத்தாள். "காலைல வெளிய வா. நெழல்ல இல்ல, வெளிச்சத்துக்கு நேரா நில்லு. டைமர்லாம் வேணாம். கிட்ட நின்னு யாராவது எடுக்கட்டும்." எனக்கு நீதிமன்றத்தில் தண்டனை படிக்கிற மாதிரி கேட்டது.

எங்கள் தெருவில் காலை வெயில் நேராக விழுகிற இடம் ஒன்றுதான் உண்டு. எதிர் வீட்டு வெள்ளைச் சுவர். அந்தச் சுவரை ஒட்டித்தான் தெருக் குழாய். ஷிஃப்ட் முடிந்து நான் வீடு சேருவதற்கும் குழாயில் தண்ணீர் வருவதற்கும் சரியாக இருக்கும். அதாவது தெருவில் இருக்கிற எல்லாக் குடமும், குடத்துக்குச் சொந்தக்காரர்களும் அங்கே இருப்பார்கள்.

மறுநாள் கல்யாணச் சட்டையோடு அந்தச் சுவரில் போய் நின்றேன். என் மனைவி அதுவரை கேமராவைத் தொட்டதில்லை. நான் கொடுத்ததில்லை. எந்தப் பொத்தான் என்று காட்டியதும் சுடு பாத்திரத்தைப் பிடிக்கிற மாதிரி சேலை முந்தானையால் பிடித்துக்கொண்டாள். குடங்கள் வரிசையை விட்டு விலகி, எங்கள் பக்கம் திரும்பி நின்றன. என் கண் தானாகத் தரைக்குப் போனது.

"மூஞ்ச தூக்குய்யா. தரையில இன்னா டப்பு கொட்டிக் கெடக்குதா?"

தூக்கினேன். கை கூப்பினேன். வெயில் கண்ணைக் குத்தியது. வரிசையில் நின்ற பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள்.

"இன்னாக்கா, மாமாவ விக்கப் போறியா? போட்டோலாம் பலமா கீது."

"கேட்டு வந்தா குடுத்துடுவேன்" என்றாள் என் மனைவி, கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒர்த்தரும் வரமாட்டன்றாங்க."

குடங்கள் சிரித்தன. எனக்கும் அடக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து அவள் அழுத்திவிட்டாள்.

பேனர் கடையில் அதைப் பெரிதாக்கினார்கள். ரவை இல்லை. சுவரில் சுண்ணாம்பு உரிந்த இடம்கூடத் துல்லியமாகத் தெரிந்தது. மீசையில் நரை தனித்தனியாகத் தெரிந்தது. என் மேல்வரிசைப் பல் இப்படி வளைந்திருப்பதை நானே அன்றைக்குத்தான் பார்த்தேன். டிசைன் பெண் கண்ணுக்குக் கீழே கிட்டப் போய்க் காட்டினாள்.

"அண்ணே, இப்பதான் நெஜமாவே கரி கீது."

இருந்தது. இமையோரத்திலும் மூக்கு மடிப்பிலும் மெல்லிய கறுப்புக் கோடு. இரவு ஷிஃப்ட் கரி. அவசரத்தில் சரியாகக் கழுவாமல் போய் நின்றிருக்கிறேன். ஒரே தட்டில் எடுத்துவிடலாம் என்றாள். எனக்கு அந்தச் சோப்பு முகம் ஞாபகத்துக்கு வந்தது. இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். சிங்கம் வைக்கட்டுமா என்று கேட்டாள். தாய்மாமன் என்றால் பக்கத்தில் ஒரு சிங்கம் நிற்பது கடை வழக்கமாம். வேண்டாம் என்று நான் சொன்ன சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. பேனர் வந்தபோது என் தோளுக்குப் பின்னால் ஒரு சிங்கம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

படத்தை மட்டும் தங்கைக்கு அனுப்பியபோது போன் செய்து, "பல்லு தெரியுதுணா" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சளி பிடித்திருக்கிறது என்றாள்.

சுருட்டிய பேனரை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு, திருவள்ளூரில் பஸ் மாறிப் போனோம். ஏறுபவர் இறங்குபவர் எல்லாரும் என் முகத்தின் மேல் இடித்துக்கொண்டு போனார்கள். ஊர் முனையில் அதைக் கட்டினார்கள். நான் அந்தப் பக்கமே பார்க்காமல் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

காதுகுத்து அன்று வாசலிலேயே தங்கையின் மாமியார் நின்றுகொண்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் வழக்கப்படி கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனேன். கேமரா அங்கே இல்லை. என் மனைவி அதைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அதற்குள் யாரையோ நகரச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நீதானா?" என்றார் மாமியார். "பேனர்ல ஊரையே பாத்து சிரிச்சிகினு கீற. நேர்ல தரைய பாக்கறியே நைனா."

"ஆமாங்க" என்றேன்.

"பல்லுகூட உன் தங்கச்சி பல்லுதான்" என்றார். அது பாராட்டா குறையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அவரே என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மணையில் உட்கார வைத்தார். பையனை மடியில் கொடுத்தார்கள். ஊசியைப் பார்த்ததும் அவன் என் கல்யாணச் சட்டையைக் கடித்தான். கூட்டம் முழுக்க எங்களையே பார்த்தது. ஒளிய இடம் இல்லாததால் நான் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் நிமிர்ந்தபோது, வாசற்படி ஓரத்தில் தங்கை நிற்பது தெரிந்தது. அவளிடம் யாரோ ஒரு கிழவர் என்னைக் காட்டிக் கேட்டார். "எங்க அண்ணன்" என்று அவள் பதில் சொன்னாள். பக்கத்துத் தெருவுக்கும் கேட்கிற குரல். எங்கள் வீட்டில் அந்தக் குரல் அவளுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

முதல் பந்தியில் தங்கையின் மாமனாருக்குப் பக்கத்தில் எனக்கு இலை போட்டார்கள். அவர் நெல் விலையைப் பற்றிப் பேசினார். நான் ஆமாங்க, ஆமாங்க என்று சாப்பிட்டேன்.

அந்தப் பேனர் இப்போது அவர்கள் ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாக இருக்கிறது. படம் உள்பக்கம் தெரியும்படி கட்டியிருக்கிறார்களாம். வெளிப்பக்கம் வைத்தால் வெயிலில் தாய்மாமன் வெளுத்துவிடுவான் என்று மாமியார்தான் திருப்பிக் கட்டச் சொன்னாராம். தங்கை போனில் சொல்லிச் சிரித்தாள். ஆடுகளுக்குச் சிங்கம் பழகிவிட்டது. தினமும் காலையில் மாமியார் ஆட்டை அவிழ்க்கக் குனிந்து உள்ளே போகிறார். நிமிர்ந்தால் தலைக்கு நேர் மேலே கைகூப்பிக்கொண்டு நான்.

"ஒங்கண்ணன் எப்ப வரானாம்னு நேத்துகூட கேட்டுச்சு" என்றாள். "வரும்போது மூஞ்ச நல்லா கழுவிகினு வர சொல்லுச்சு. கண்ணுகிட்ட கரி கீதாம்."